கடலோர விவசாய நிலம் கோல்ஃப் மைதானத்துக்குத் தோதுப்படுமா? ஈ.சி.ஆர். நிலத்தை வைத்து ஒரு முழு வழிகாட்டி

மாமல்லபுரத்தைத் தாண்டி மரக்காணம் வரைக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலை எனும் ஈ.சி.ஆர். ஓரம் பெரிய நிலம் எதுவும் விலைக்கு வந்தால் போதும், "இங்கே ஒரு கோல்ஃப் கோர்ஸ் போட்டா எப்படி இருக்கும்?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். அப்படி ஆரம்பித்த சிலருக்கு நிலம் பார்த்துச் சொல்லும் வேலையைச் செய்திருக்கிறேன். கூட வந்த இளம் பொறியாளர்கள் எந்தெந்த இடத்தில் தடுக்கி விழுந்தார்கள் என்று பார்த்திருக்கிறேன். நானும் விழுந்திருக்கிறேன், அதையும் சொல்கிறேன்.

திட்டம் போடுபவர், நிலத்தைக் கேட்டு ஆள் வந்து நிற்கும் விவசாயி, தீர்மானம் போடப்போகும் ஊராட்சி உறுப்பினர் என்று யாராக இருந்தாலும் பார்க்கவேண்டிய வரிசை ஒன்றுதான். காசு செலவில்லாமல் "வேண்டாம்" என்று சொல்லவைக்கும் சோதனைகள் முதலில் வரவேண்டும். லட்சக்கணக்கில் செலவு வைப்பவை கடைசியில். நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் வடிவமைப்பாளரைக் கூட்டிவந்து வண்ணப் படம் போட்டுவிடுகிறார்கள். பச்சைப்பசேல் என்று படம் சுவரில் மாட்டியபிறகு, கிணற்றில் உப்பு என்று யார் சொன்னாலும் காதில் ஏறாது.

1. கிளம்பும் முன் கையில் இருக்கவேண்டியவை

கிராம வரைபடம், ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் புலப்படம் (அந்த எண்ணின் அளவு வரைபடம்), அ-பதிவேட்டு நகல் (எந்த எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் பதிவேடு), சிட்டா, கடைசி சில வருட அடங்கல். இவற்றில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை அரசின் இணையச் சேவையிலேயே பார்த்துவிடலாம். அடங்கலுக்கு வி.ஏ.ஓ.வைப் போய்ப் பாருங்கள். எந்த வயலில் எந்தப் போகத்தில் என்ன பயிர் என்பது அதில்தான் இருக்கிறது. பின்னால் வரும் தண்ணீர்க் கணக்குக்கு அது வேண்டும்.

அப்புறம் தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் ஒரு டி.டி.எஸ். மீட்டர், முடிச்சுப் போட்ட கயிறு, அதன் நுனியில் ஒரு கனம், கடப்பாரை, மண் எடுக்க பாலித்தீன் பைகள். இவ்வளவுக்கும் சேர்த்துச் செலவு நாலாயிரம் ரூபாயைத் தாண்டாது.

காலண்டரில் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று மே மாதத்தின் பின்பாதி, இன்னொன்று நவம்பர் கடைசி. இந்த இரண்டு முறையும் போய்ப் பார்க்காத நிலத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். செய்யூர் பக்கம் ஒரு ஜனவரியில் போய்ப் பார்த்தபோது கிணறுகள் தளும்பின, வரப்பெல்லாம் பச்சை. "தண்ணீருக்குக் குறைவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். அந்த மே மாதம் வேறு வேலையாக அந்த வழியே போனபோது அதே கிணற்றில் ஒரு வாய் குடித்தேன், துப்பிவிட்டேன். எழுதிக் கொடுத்த காகிதத்தைத் திரும்ப வாங்கப் பட்ட பாடு தனிக் கதை.

2. கோட்டை இரண்டு பக்கமும் இழுங்கள்

முதல் சோதனை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். சி.ஆர்.இசட். என்றால்தான் எல்லோருக்கும் புரியும். உயர் அலைக் கோட்டிலிருந்து நிலத்துப் பக்கம் 500 மீட்டர் வரை இது செல்லும்.

புதியவர்கள் செய்யும் தவறு இரண்டு. கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, அலை வந்து தொடும் இடத்திலிருந்து 500 மீட்டர் அளப்பது முதல் தவறு. அன்று அலை நின்ற இடம் உயர் அலைக் கோடு ஆகாது. அது அதிகாரபூர்வமாகக் குறிக்கப்பட்ட கோடு. அங்கீகரிக்கப்பட்ட கடற்கரை மண்டல மேலாண்மை வரைபடத்தில்தான் அதைப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது தவறு பெரியது. எல்லோரும் கிழக்கே கடலைப் பார்த்து அளந்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். முதுகுப் பக்கம் பக்கிங்காம் கால்வாயோ, கழிமுகமோ, உப்பங்கழியோ இருக்கும். அலை ஏறி இறங்கும் நீர்நிலைகளின் கரைக்கும் இதே சட்டம் உண்டு. 2011 அறிவிக்கையின்படி கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது அந்த நீர்நிலையின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. 2019 அறிவிக்கை அந்த 100-ஐ 50 ஆக்கியது. அலையின் தாக்கம் எதுவரை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. வறண்ட காலத்தில் அளந்தால் ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு இருக்கும் இடம் வரை. ஆக, கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் வயல்கூட மாட்டிக்கொள்ளலாம்.

2011, 2019 இரண்டில் எதைப் பார்ப்பது என்ற கேள்வி வரும். 2019-இன் தளர்வுகள், அதன்படி தயாரித்த வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகுதான் செல்லும். கட்டுமானம் கூடாத பகுதி கிராமப்புறத்தில் 200 மீட்டர் என்று இருந்ததை, மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் உள்ள இடங்களில் 50 மீட்டராகக் குறைத்தது 2019 அறிவிக்கை. விற்பவர் அந்த 50 மீட்டரைத்தான் சொல்வார். உங்கள் நிலம் இருக்கும் மாவட்டத்துக்கு எந்த வரைபடம் நடப்பில் இருக்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மைதானம் என்பது கட்டடம் இல்லையே, புல்தானே என்று ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். கேள்வி நியாயமானது. பதில் மணலில் இருக்கிறது. மணல்மேடுகளை உருமாற்றக் கூடாது. கடற்கரை விடுதி, சுற்றுலாத் திட்டங்களுக்கான நெறிமுறை இன்னும் ஒரு படி மேலே போய், 500 மீட்டருக்குள் அஸ்திவாரம், நீச்சல்குளம் தவிர வேறெதற்கும் மணற்பரப்பைத் தோண்டவோ சமன் செய்யவோ கூடாது என்கிறது. 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பதையும் தடுக்கிறது. தோண்டாமல், மேடுபள்ளம் செய்யாமல், தண்ணீர் விடாமல் கோல்ஃப் மைதானம் போட முடியுமா?

இந்தக் கோடுகளை வரைந்த பிறகு மிச்சம் இருப்பதுதான் உங்கள் நிலம். விற்பவர் சொன்ன 160 ஏக்கர் இந்த இடத்திலேயே 90 ஆகிவிடுவது சாதாரணம். மாமல்லபுரத்தை ஒட்டியிருந்தால், பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்று தொல்லியல் சட்டமும் சேரும். கல்பாக்கம் பக்கம் என்றால் அணுமின் நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் வளர்ச்சிக்குக் கட்டுப்பாடு உண்டு. மரக்காணம் பக்கம் கழுவேலி ஈரநிலம் 2021-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அதன் ஓரத்து நிலத்துக்கு வனத்துறையிடமும் கேட்கவேண்டும்.

3. அ-பதிவேட்டை வரிவரியாகப் படியுங்கள்

புலப்படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு பெரிய தாளில் முழு நிலத்தையும் வரையுங்கள். புறம்போக்கு எண்களுக்குச் சிவப்புப் பென்சில். வண்டிப்பாதை, ஓடை, வாய்க்கால், மேய்க்கால், ஏரி, சுடுகாட்டுப் பாதை எல்லாம் அதில் வரும். கணினியில் செய்யலாம்தான், ஆனால் கையால் ஒட்டும்போதுதான் விட்டுப்போன எண் கண்ணில் படுகிறது.

150 ஏக்கர் நிலத்தில் சிவப்பில்லாத வரைபடத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. இரண்டடி அகல வாய்க்கால் ஒன்று குறுக்கே போனாலும் அதை மூடவோ திருப்பவோ உங்களுக்கு உரிமை இல்லை. அது கீழே இருக்கும் ஏரிக்கோ வயலுக்கோ போகும் தண்ணீர். "அது தூர்ந்துபோச்சு சார், இப்போ ஓடறதில்லை" என்பார்கள். நவம்பரில் போய்ப் பாருங்கள், ஓடும்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இன்னொரு வகை நிலத்தைக் கவனித்தே ஆகவேண்டும், பஞ்சமி நிலம். 1890-களில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு ஒதுக்கப்பட்டது. அதைப் பிற சமூகத்தார் வாங்கினால் செல்லாது. நடுவில் எத்தனை கைமாறிப் பட்டா இன்று யார் பெயரில் இருந்தாலும், பழைய பதிவேட்டில் நிபந்தனை இருந்தால் இருந்ததுதான். இப்போதைய பட்டாவை மட்டும் பார்ப்பவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். பூதான நிலம் (நிலமில்லாதவர்களுக்காகத் தானமாக வந்தது), கோயில் நிலம் இரண்டுக்கும் இதே கவனம் வேண்டும்.

நில உச்சவரம்பும் இருக்கிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 தரநிலை ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்பதுதான் வரம்பு. நிறுவனத்தின் பெயரில் அதற்கு மேல் வாங்க அரசின் அனுமதி வேண்டும். டிரைவர் பெயரில், மைத்துனர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை வந்தால் நான் எழுந்து வந்துவிடுவேன். நஞ்சை என்றால், விவசாயத்திலிருந்து வேறு பயனுக்கு மாற்ற மாவட்ட ஆட்சியரின் இசைவும் தேவை. பனைமரம் நின்றால் அதை வெட்டுவதற்கும் ஆட்சியரிடம்தான் போகவேண்டும்.

4. தண்ணீர்க் கணக்கு: எவ்வளவு என்பதைவிட எந்த மாதம்

ஒரு திட்டம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிகிறது. ஆகவே நிதானமாகப் போவோம்.

18 குழி மைதானத்துக்கு ஏறக்குறைய 150 ஏக்கர் என்று வையுங்கள். அத்தனைக்கும் தண்ணீர் விடவேண்டாம். குழி இருக்கும் பச்சைத் திட்டு, ஆட்டம் தொடங்கும் மேடை, நடுவில் ஓடும் புல்வெளி, அதன் இரண்டு ஓரம் எல்லாம் சேர்த்துப் பாதி, அதாவது 75 ஏக்கர். ஹெக்டேரில் சொன்னால் 30.

ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 10,000 லிட்டர். கோடையில் புல் குடிப்பது, காற்றில் போவது, உப்பைக் கீழே தள்ள விடுவது எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று போடுவது நியாயமான கணக்கு. 30 × 5 × 10,000 என்றால் நாளுக்கு 15 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 125 லோடு, தினமும்.

இதைச் சொன்னதும் திட்டக்காரர் ஒரு பதில் வைத்திருப்பார்: "நெல்லுக்கு இதைவிட அதிகம் போகுதே?" பாதி உண்மை. ஒரு போகம் நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் அளவு தண்ணீர் வேண்டும். 75 ஏக்கருக்கு அது 36 கோடி லிட்டர். மைதானத்தின் வருடக் கணக்கும் மழை போக அதற்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். ஆனால் சம்பா நெல் அந்தத் தண்ணீரைக் குடிப்பது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஏரி நிறைந்து மடை திறந்திருக்கும்போது. மைதானத்துப் புல் குடிக்கப்போவது பிப்ரவரியிலிருந்து, கிணறு இறங்கிக்கொண்டே போகும் மாதங்களில், பூமிக்கடியிலிருந்து. மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். மாதத்தை மாதத்தோடு வையுங்கள். அடங்கலை வாங்கச் சொன்னது இதற்காகத்தான். கடலோரத்தில் பல இடங்களில் நெல்லே இருக்காது. சவுக்கும் மானாவாரி வேர்க்கடலையும்தான் இருக்கும். சவுக்குக்குக் கன்றாக இருக்கும்போது விட்ட தண்ணீரோடு சரி.

கடலோரத்தில் கோடைத் தண்ணீர் ஏன் இவ்வளவு ஆபத்து? மணலுக்கடியில் நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு மேலே ஒரு மீட்டர் இறக்கினால், கீழே உப்பு 40 மீட்டர் ஏற இடம் கிடைக்கிறது. ஒரே நாளில் ஏறிவிடாது. ஏறிவிட்டால் சுலபத்தில் இறங்காது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் பத்து கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது.

சரி, வேறு வழிகள்? மூன்றையும் கணக்குப் போட்டுவிடுங்கள்.

குளம் வெட்டி மழைநீரைச் சேர்ப்பது முதல் வழி. நான்கு மாதக் கோடைக்கு 18 கோடி லிட்டர் வேண்டும். மூன்று மீட்டர் ஆழத்தில் அது 15 ஏக்கர் குளம். வெயிலில் ஆவியாவதையும் சேர்த்தால் 18, 19 ஏக்கர். மணலில் தண்ணீர் நிற்காது, அடியில் தார்ப்பாய் போல விரிப்புப் போடவேண்டும். மூன்று மீட்டர் தோண்டினால் பல இடங்களில் கீழேயிருந்து உப்புத் தண்ணீர் வந்து வரவேற்கும்.

இரண்டாவது, சுத்திகரித்த கழிவுநீர். ஆளுக்கு நூறு லிட்டர் என்று போட்டால் 15,000 பேரின் கழிவுநீர் வேண்டும். அத்தனை பேர் இருக்கும், பாதாளச் சாக்கடையும் இருக்கும் ஊர் பக்கத்தில் இருக்கிறதா?

மூன்றாவது, கடல்நீரைக் குடிநீராக்குவது. நெம்மேலியில் அரசே செய்கிறது, நாமும் செய்யலாம் என்பார்கள். ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம். நாளுக்கு ஐயாயிரம் யூனிட் தொடும். மிஞ்சும் உப்புக் கரைசலை எங்கே விடுவது என்பதற்குத் தனி அனுமதி. செய்ய முடியாதது இல்லை. இந்தக் காசைக் கட்டணமாகக் கட்டும் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்களா என்பது பத்தாவது படியில் வரும் கேள்வி.

5. மே மாத நடை

நிலத்துக்குள் இருக்கும் கிணறுகளை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லாக் கிணறும், கைப்பம்பும், ஊராட்சி ஆழ்துளைக் கிணறும் கணக்கில் வரவேண்டும். உங்கள் மோட்டார் ஓட ஆரம்பித்தால் முதலில் உப்பாவது பக்கத்துக்காரர் கிணறாக இருக்கலாம்.

ஒவ்வொரு கிணற்றிலும் மூன்று குறிப்புகள்: கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே, மீட்டர் காட்டும் அளவு, வீட்டுக்காரர் என்ன சொல்கிறார். காலையில் மோட்டார் போடும் முன்பு ஒருமுறை, ஓடி ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை அளவெடுங்கள். ஓட ஓட அளவு ஏறினால், உப்பு பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

மீட்டரில் மின்கடத்துத்திறன் (உப்பு கூடக் கூட இதுவும் கூடும்; அலகு டெசிசீமன்ஸ்/மீட்டர்) பார்க்கிறீர்கள் என்றால், பாசனத்துக்கு 0.7-க்குள் இருந்தால் கவலையில்லை, 3-ஐத் தாண்டினால் கடுமை. கடல்நீர் 50-ஐ ஒட்டி வரும். பி.பி.எம். காட்டும் மீட்டர் என்றால் 450-க்குக் கீழே நல்லது, 2,000-க்கு மேல் மோசம்.

மூன்றாவது குறிப்பை லேசாக விடாதீர்கள். ஒரு வீட்டில் மீட்டரை நீட்டிக்கொண்டு நின்றபோது அந்த வீட்டு அம்மா சிரித்தார். "அது என்னப்பா சொல்லுது? எங்களுக்குப் பருப்பு சொல்லிடும். சித்திரை பொறந்தா இந்தத் தண்ணில பருப்பு வேகாது, தெருக்குழாய்க்குத்தான் போவோம்." மீட்டர் அன்றைய கணக்கைத்தான் காட்டியது. அவர் சொன்னதில் முப்பது வருடக் கணக்கு இருந்தது. குறிப்பேட்டில் இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

அந்தக் குறுவட்டத்தின் நிலத்தடி நீர் நிலை அரசுப் பட்டியலில் என்ன என்பதையும் பாருங்கள். 'அதிநுகர்வு' என்றோ 'உவர்' என்றோ இருந்தால் அனுமதி கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

6. மண்: மணல் என்றதும் துள்ளாதீர்கள்

"ஸ்காட்லாந்தில் கடலோர மணலில்தானே போடறாங்க" என்று ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே குளிர், அடிக்கடி தூறல், மெல்லிய ஃபெஸ்க்யூ புல். நம் ஊர் வெயிலில் அந்தப் புல் நிற்காது. இங்கே நிற்பவை அருகம்புல் வகையும், உப்பைத் தாங்கும் கடலோர பாஸ்பாலம் வகையும்தான். அதே மின்கடத்துத்திறன் கணக்கில், அருகம்புல் மண்ணில் 6.9 வரை உப்பைப் பொறுக்கும். நெல் 3-க்கே சுணங்கும். பாஸ்பாலம் இன்னும் தாங்கும் என்பதால் "உப்புத் தண்ணீரே விடலாம்" என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். புல் பிழைக்கும். விட்ட உப்பு எங்கே போகும்? மணல் வழியாகக் கீழே, பக்கத்து வயலின் கிணற்றுக்கு. உரமும் அதே வழியில்தான் இறங்கும்.

ஏக்கர் இருபதுக்கு ஒரு குழி வீதம், இடுப்பளவு தோண்டுங்கள். அடுக்குகளைப் பாருங்கள். மேலே மணல், ஒரு முழத்துக்குக் கீழே கறுப்புக் களி என்றால் மழையில் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். அடிவரை மணல் என்றால் விட்ட தண்ணீர் நிற்காது. குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி எத்தனை நிமிடத்தில் வற்றுகிறது என்று பாருங்கள். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது அப்புறம்.

மேடுபள்ளமும் பார்க்கவேண்டும். கோல்ஃபுக்குப் பிடித்த மணல்மேடுகள் இராவணன் மீசையும் அடும்புக் கொடியும் படர்ந்த கடலோரத்தில் இருக்கின்றன. அவற்றைத் தொடக் கூடாது. உங்களுக்கு மிஞ்சுவது தட்டையான வயல். டாஸ்மேனியாவில் பார்ன்பூகல் என்ற உருளைக்கிழங்குப் பண்ணையில் 2004-இல் திறந்த மைதானம் உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. அங்கே ஆட்டம் நடப்பது ஏர் போகாத மணல்மேட்டில்தான். ஸ்காட்லாந்தின் கிங்ஸ்பார்ன்ஸில் வயலையே மேடும் பள்ளமுமாகச் செதுக்கினார்கள். அதற்கு மண் நகர்த்தவேண்டும். 75 ஏக்கரில் சராசரி ஒரு அடி மண் ஏற்றினாலே 90,000 கன மீட்டர். மூன்று யூனிட் டிப்பரில் பத்தாயிரம் லோடுக்கு மேல். அந்த மண் எந்த ஏரியிலிருந்து, எந்தத் தெரு வழியாக வரும் என்று கேட்டுவையுங்கள்.

7. நவம்பர் நடை

மழை விட்ட மறுநாளே போங்கள். வெயில் அடித்து நான்கு நாள் ஆனபின் போனால் பாதி தடயம் போயிருக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது, எங்கே நிற்கிறது. இந்த மூன்றையும் ஒட்டிவைத்த புலப்படத்தில் நீலப் பென்சிலால் குறியுங்கள். ஈ.சி.ஆர். சாலை மேடாக இருப்பதால் மேற்கிலிருந்து வரும் வெள்ளத்துக்குச் சிறுபாலங்கள்தான் வழி. எந்தப் பாலத்தின் வாய் உங்கள் நிலத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது என்று எண்ணுங்கள். அந்த வாய்க்கு நேராக நீங்கள் மண்ணைக் கொட்டி மேடாக்கினால், மேற்கே இருக்கும் தெரு முங்கும்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியபோது அந்த ஊரில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்போது தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் கறை இருந்தால் அளந்துகொள்ளுங்கள். 2015 டிசம்பரையும் கேளுங்கள். பழைய செயற்கைக்கோள் படங்களைப் புரட்டினால் எந்த வயல் குளமாக நின்றது என்று தெரியும்.

8. ஆட்டம் அதில் அடங்குமா?

இவ்வளவும் தாண்டி வந்தால்தான் ஆட்டத்தைப் பற்றி யோசிக்கவேண்டும். இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், வடிவமைப்பாளர் பார்த்துக்கொள்வார்.

மிச்ச நிலம் நீளவாக்கில் ஒல்லியாக இருந்தால் 18 குழி அடங்காது. 60, 70 ஏக்கர் என்றால் 9 குழி. சாலையிலிருந்தும் வீடுகளிலிருந்தும் பந்து பறக்கும் தூரம் விடவேண்டும். இல்லையென்றால் ஈ.சி.ஆரில் போகும் காரின் கண்ணாடி உங்கள் கணக்கில் ஏறும். நம் கடற்கரை கிழக்குப் பார்த்தது. படம் போடுபவர்கள் எல்லோரும் முதல் குழியைக் கடலை நோக்கியே வரைகிறார்கள், படத்தில் அழகுதான். வெயிலுக்குப் பயந்து காலை ஆறரைக்கு ஆட வருபவர் நேராகச் சூரியனைப் பார்த்து அடிக்கவேண்டியிருக்கும். வெயில் ஏறியபின் யாரும் ஆட வரப்போவதில்லை.

இரவு விளக்குப் போடலாம் என்ற யோசனையைக் கடற்கரைப் பக்கம் கைவிடுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை இது. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திசைமாறி நடக்கும்.

9. பட்டாவில் பெயர் இல்லாதவர்களைத் தேடுங்கள்

பட்டாதாரர் சென்னையில் இருப்பார். உழுபவர் வாய்மொழிக் குத்தகையில் இருபது வருடமாக உழுதுகொண்டிருப்பார். காகிதத்தில் அவர் இல்லை. நிலம் கைமாறினால் முதலில் வேலி கட்டுவது அவருக்கெதிராகத்தான். ஆகவே நடவு, களை, அறுப்பு வேலைக்கு யார் வருகிறார்கள், வருடத்தில் எத்தனை நாள் என்று தனியாகக் கேட்டு எழுதுங்கள். மைதானத்தில் புல்வெட்டும் வேலை கிடைக்கும் என்று சொல்வார்கள். எத்தனை பேருக்கு, வருடம் முழுக்கவா என்பதை எண்ணிக்கையாக வாங்குங்கள். களை எடுத்த ஐம்பது பெண்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அடுத்து மீனவர் வழி. குப்பத்திலிருந்து கடற்கரைக்கும், கடற்கரையிலிருந்து சாலைக்கும் போகும் மண்பாதை எந்த வரைபடத்திலும் இல்லாமல் இருக்கும். அதிகாலையில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் போகும் வழி அது. காலை ஐந்தரைக்கு நிலத்தின் ஓரமாக நின்று பாருங்கள், காலடித் தடமே வரைபடம் போட்டுக் காட்டும். பகல் பதினோரு மணிக்குக் காரில் வந்து இறங்குபவர்களுக்கு இது கண்ணில் படவே படாது. மாடு எங்கே மேய்கிறது என்பதும் அப்படித்தான்.

கிராம சபையைக் கடைசிச் சடங்காக வைக்காதீர்கள். கிணற்றுக் கணக்கு முடிந்த கையோடு அதைப் படித்துக் காட்டிவிடுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்துவார்கள். என் கணக்கில் ஒரு வாய்க்காலின் திசையே தப்பாக இருந்தது, ஒரு பெரியவர் "தம்பி, தண்ணி மேட்டுல ஏறாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

10. இன்னொன்று வேண்டுமா?

சென்னை நகருக்குள் பெயர் பெற்ற இரண்டு மைதானங்கள், கிண்டியிலும் நந்தனத்திலும். கிண்டி மைதானம் அமைந்த ரேஸ் கோர்ஸ் நிலத்தின் குத்தகையை அரசு 2024-இல் ரத்து செய்தபிறகு, "உள்ளே இருக்கிறது போனா எல்லாரும் ஈ.சி.ஆருக்குத்தான் வருவாங்க" என்ற பேச்சு கிளம்பியது. வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் போய் ஆடிவிட்டு அலுவலகம் போகிறவர், வெயில் ஏறும் முன் ஆட 60, 70 கிலோமீட்டர் வருவாரா? வாரக் கடைசியில் வருவார். வாரத்தில் இரண்டு நாள் நிறைந்து ஐந்து நாள் காலியாக இருக்கும் மைதானத்துக்கும் தினம் 15 லட்சம் லிட்டர்தான்.

வருமானக் கணக்கைத் திறந்து பாருங்கள். பல திட்டங்களில் பணம் ஆட்டத்திலிருந்து வராது, சுற்றியுள்ள வில்லா விற்பனையிலிருந்து வரும். அப்படியானால் நீங்கள் மதிப்பிடவேண்டியது வீட்டு மனைத் திட்டத்தை. அதன் தண்ணீரையும் கழிவுநீரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 50 ஹெக்டேரைத் தாண்டினால் சுற்றுச்சூழல் அனுமதியும் சேர்ந்துகொள்ளும். வில்லாக்களை எடுத்துவிட்டு மைதானம் தனியாக நிற்குமா என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள். நிற்காது என்றால் அதை அறிக்கையில் முதல் வரியாக எழுதுங்கள்.

11. ஒரு பக்க அறிக்கை

அறுபது பக்க அறிக்கையை யாரும் படிப்பதில்லை. ஒரு பக்கம் போதும், மற்றதெல்லாம் பின்னிணைப்பு. அந்த ஒரு பக்கத்தில் ஐந்து எண்கள் இருக்கட்டும்: கோடுகள் போக மிஞ்சிய ஏக்கர், புறம்போக்கும் நிபந்தனை நிலமும் போக மிஞ்சிய ஏக்கர், மே மாதத்தில் நாளுக்குத் தேவைப்படும் லிட்டர், அதே மே மாதத்தில் யார் கிணற்றையும் இறக்காமல் கிடைக்கும் லிட்டர், வேலையும் வழியும் இழப்பவர்களின் எண்ணிக்கை.

மூன்றாவது எண்ணுக்கும் நான்காவது எண்ணுக்கும் உள்ள இடைவெளியை "பின்னர் ஏற்பாடு செய்யப்படும்" என்று நிரப்பச் சொல்வார்கள். நிரப்பாதீர்கள். எங்கிருந்து, யார் அனுமதியில், லிட்டர் எவ்வளவு விலை என்று எழுத முடிந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் இடைவெளியை இடைவெளியாகவே விடுங்கள்.

கிணற்று அளவுகளின் நகல் ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். தேதி, கிணறு, அடி, உப்பு என்று நான்கு பத்தி, அவ்வளவுதான். திட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மே மாதம் யாராவது கயிறோடு வந்து அளக்கும்போது, பக்கத்தில் வைத்துப் பார்க்க அது தேவைப்படும்.